மகனுக்கு மட்டும் ஒரு தட்டு கூட

வியாழக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு என் மகன் பாரம் ஏற்றிய ஸ்குவாட் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு குந்திக் கீழே போனான், மேலே வரவில்லை.

அதுவரை நான் நிபுணன். விளையாட்டு வீரர்களின் வலிமையை அளப்பதே இருபது வருடமாக என் தொழில். மாவட்ட அணித் தெரிவுக்கு வந்திருந்தவர்களுக்கு அன்றும் விளக்கம் கொடுத்தேன். ஒரே முறையில் தூக்கக்கூடிய ஆகக்கூடிய பாரம் உச்ச வலிமை. நின்ற இடத்திலிருந்து பாயும் தூரம் வெடிப்பு வலிமை. விடாமல் எத்தனை புஷ்-அப் என்பது தாங்கு வலிமை. களைத்தவனை அளந்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

ஆகவே ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: நித்திரை கொண்டாயா, சாப்பிட்டாயா, எங்காவது நோவு உண்டா? மகனிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவனிடம் என்ன கேள்வி? அன்று காலை அவன் அறையை விட்டு வருமுன்பே நான் வேலைக்குக் கிளம்பியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

பாய்தலில் வழமையைவிடக் குறைவாகப் பாய்ந்தான். குறிப்பில் 'முயற்சி போதாது' என்று எழுதினேன். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே. ஸ்குவாட் கம்பியில் இன்னும் ஒரு பாரத் தட்டு ஏற்றினேன்.

உதவிக்கு நின்ற காரைதீவு ஆசிரியர் குணம் சிரித்தார். "என்ன சேர், வீட்டில சண்டையா? மகனுக்கு மட்டும் பாரம் கூடுது!"

"அவனுக்கு ஏலும்," என்றேன்.

முழங்கால் மடிந்தது. "விடு தம்பி, விடு!" என்று குணம் கத்தினார். நல்லவேளை, இரு பக்கமும் இருந்த இரும்புத் தாங்கிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டன. மகன் தரையில் சரிந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் காலைத் தொட்டு, "அசை, அசை," என்றேன். அசைத்தான். தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன்.

"வேணாம் சேர்."

மைதானத்தில் 'வாப்பா' என்று கூப்பிடக் கூடாது என்பதும் என் சட்டம்தான்.

"என்ன புடிவாதம்! குடி தம்பி," என்றார் குணம். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்க வேண்டியதை எல்லாரிடமும் கேளுங்கள். பதில் தெரியும் என்று நினைக்கிறவனிடம் முதலில் கேளுங்கள்.

குணம் என் வீட்டுக்குப் போன் எடுத்திருந்தார். ஆட்டோவில் என் மனைவி வந்து இறங்கினாள். என்னைப் பார்க்காமல் மகனின் தலையை மடியில் வைத்து, தண்ணீரை வாயில் வைத்தாள்.

"குடி மகன். இந்த நிலமையில நோன்ப விடலாம், அல்லாஹ் மன்னிப்பான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வாப்பாட கையால தெரிவாகணுமெண்டு மனசில நிய்யத்து வெச்சுப் புடிச்ச நோன்பு. உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டும் அவன்தான் சொன்னான். சலுகை கேக்கிறானெண்டு நினைப்பீங்களாம்."