இறால் தடவும் கையும் சிவப்பு மருந்தும்

பறியை இடுப்பில் கட்டும் கயிறு ஒருநாள் எட்டவில்லை. அதுதான் முதல் அறிகுறி. பறி என்பது பனையோலைக் கூடை. பழவேற்காடு ஏரியில் தண்ணீருக்குள் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் நாங்கள் பிடித்ததை அதில்தான் போடுவோம். எனக்குச் சோறு இறங்கவில்லை, வயிறு மட்டும் பெருத்தது. "இந்த வயசுல இன்னாமே இது?" என்று என் கணவர் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். சென்னை மருத்துவமனையில் சினைப்பைப் புற்றுநோய் என்றார்கள்.

அறுவை சிகிச்சை, கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) எல்லாம் முடிந்து ஒரு வருடம் நன்றாக இருந்தேன். பிறகு நோய் திரும்பியது. அந்த இரண்டாம் முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் கையை நம்பிப் பிழைப்பவர்களுக்காக. நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள்.

புது மருந்தின் பெயர் லைப்போசோமல் டாக்சோரூபிசின் (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த சிவப்பு மருந்து). டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"தலைமுடித் தடிமனை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்குதாம்மா ஒரு குமிழி. நானோ துகள்னு சொல்வாங்க. கட்டிக்குள்ள போற ரத்தக்குழாய் ஓட்டை ஓட்டையா இருக்கும். குமிழி அது வழியா கசிஞ்சு கட்டியில தங்கும்."

"கிழிஞ்ச வலைனு சொல்லுங்க" என்றார் என் கணவர். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை மருந்து ஏறும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட அது கசியலாம், சூடும் உரசலும் பட்டால் இன்னும் அதிகமாகக் கசியும் என்றார். வெந்நீர் கூடாது, கைக்குக் கடினமான வேலை கூடாது. நான் நன்றாகத் தலையாட்டினேன்.

முதல் இரண்டு முறையும் அமாவாசையை ஒட்டி மருந்து ஏறியது. அமாவாசையில் ஏரித் தண்ணீர் ஓடும், இறால் நிறையக் கிடைக்கும். வீட்டில் எப்படி உட்கார்வது? ஐந்தாம் நாளே இறங்கிவிட்டேன். கடினமான வேலை என்றால் மூட்டை தூக்குவது என்றே நினைத்தேன். குளிப்பதெல்லாம் பச்சைத் தண்ணீரில்தான். ஆனால் இறாலின் தலைக் கொம்பு குத்திய கையை, கரையேறியதும் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் வைப்பது எங்கள் வழக்கம். வைக்காவிட்டால் சீழ் பிடிக்கும். அதையும் டாக்டரம்மா சொன்ன வெந்நீரில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் மருந்துக்குப் பிறகு உள்ளங்கை சிவந்து எரிந்தது. கொம்பு குத்தல் என்று நினைத்து, தண்ணீரை இன்னும் சூடாக்கினேன். மூன்றாம் முறை போனபோது கையில் தோல் உரிந்து கிடந்தது.

"எத்தனை நாளா எரியுது?"

"எரியாத நாள் ஏது டாக்டர்? இறால் தடவற கை."

"இது இறால் குத்தினது இல்லம்மா. கை-கால் நோய்க்குறி (மருந்து கசிந்து தோல் புண்ணாவது). கைக்கு என்ன பண்ணீங்க?"

சொன்னேன்.

"இன்னிக்கு மருந்து ஏத்த முடியாது. ரெண்டு வாரம் தள்ளி, அளவைக் குறைச்சுப் போடலாம். மறுபடி இப்படி ஆச்சுன்னா இந்த மருந்தையே நிறுத்தணும். கட்டி நல்லா சுருங்கிட்டு வருது. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

வெளியே வந்து அழுதேன். நோய் என்று தெரிந்தபோதுகூட அப்படி அழவில்லை. உயிர் பிழைக்க வைக்கும் மருந்தை நானே வெந்நீர் வைத்துக் கெடுத்துக்கொண்டேனே என்ற வெட்கம்.

"ஏரி எங்கயும் பூடாது. நீ குந்து" என்றார் கணவர். அவர் மட்டும் போனார். நான் கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, களிம்பு தடவிக்கொண்டு வீட்டில் இருந்தேன். மருந்து நாள் அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு மாறியது. மீதி நான்கையும் முடித்தேன்.

கட்டி சிறுத்து நிற்கிறது, முழுதாகப் போகவில்லை. அடுத்த ஸ்கேன் மூன்று அமாவாசை தள்ளி. அதற்கு அப்பால் நான் எதையும் யோசிப்பதில்லை. கொஞ்ச நேரம் ஏரியில் இறங்கலாம் என்று டாக்டரம்மா அனுமதித்தார். ஆனால் விரல் நுனி வழவழப்பாகி மரத்துவிட்டது. ரேஷன் கடைக் கைரேகை மெஷினுக்கே என் விரல் தெரியவில்லை. எனக்குச் சேற்றுக்குள் சிப்பி எது, இறால் எது என்று தெரியவில்லை. மூன்று நாள் வெறும் பறியோடு கரையேறினேன். இந்தக் கை இனி என் கை இல்லை என்று நினைத்தேன்.

நான்காம் நாள் ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. பிடியை விடாமல் கையைத் தூக்கினேன். இறால் துடித்தது, விரலில் ஒரு துளி ரத்தம்.

"ஐயையோ, கொம்பு குத்திடுச்சா? வலிக்குதா?" என்று கணவர் பதறினார்.

"வலிக்குதுயா" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வா, கரைக்குப் பூடலாம்."

"இருய்யா. இன்னொண்ணு தடவிப் பாத்துட்டு வரேன்."