ஜூடோ வகுப்பில் என் ஜோடி

பூச்சோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் பெண்களுக்கு மட்டும் என்று நடக்கும் ஜூடோ வகுப்புக்குப் பல வருடங்கள் போனேன். ஜூடோவைத் தனியாகப் பழக முடியாது. எதிரில் நிற்பவளின் காலரையும் கையையும் பிடித்து, உடம்போடு உடம்பு ஒட்டினால்தான் தூக்கிப் போட முடியும். ஜோடி சேரச் சொல்லி கோச் கைதட்டினால், கண்மூடித் திறப்பதற்குள் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். அங்கே ஒரே தமிழ்ப் பெண்ணான நான் பெல்ட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பேன். சும்மா நிற்பதற்கும் ஒரு வேலை வேண்டுமே. ஒற்றைப்படையில் ஆள் வந்தால் மிஞ்சுவது நான். இரட்டைப்படையில் வந்தால் எவளாவது ஒருத்திக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும்.

நம் ஆட்களைக் கேவலமாகச் சொல்ல இந்த ஊரில் ஒரு வார்த்தை உண்டு, அதை அங்கே யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சிரித்த முகத்தோடு விலகிப் போகிறவர்களிடம் என்னவென்று போய்ச் சண்டை போடுவது?

ஒருநாள் வேறு வழியில்லாமல் என்னோடு மாட்டிக்கொண்ட ஒருத்தி, பிடித்த காலரை விட்டுவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வகுப்புக்குக் கிள்ளானில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பும்போது தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. தோல் எரிய எரிய சோப்பு போட்டுக் குளித்து, கழுத்திலும் கையிலும் பவுடரை அப்பிக்கொண்டேன். நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே. முதல் தடவை விழுந்ததுமே நீல மெத்தையில் என் முதுகும் கையும் வெள்ளை வெள்ளையாகப் பதிந்தன. பொரிப்பதற்கு முன் மாவில் புரட்டிய மீன் மாதிரி என்று யாரோ மலாயில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கு என் உடம்பின் மேல் எனக்கே வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

பிறகு பிளாக் பெல்ட் தேர்வு வந்தது. அதற்கு நாமே ஒரு ஜோடியைக் கூட்டிப்போய், தேர்வாளர்கள் முன்னால் அவளை முறைப்படி தூக்கிப் போட்டுக் காட்ட வேண்டும். விழுகிறவளும் மாதக்கணக்கில் நம்மோடு பழகியிருக்க வேண்டும். எனக்கு அந்த பெல்ட் வேண்டும். அதைக் கட்டிவிட்டால் என்னையும் அவர்களில் ஒருத்தியாக நினைப்பார்கள் என்று நம்பினேன். ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டேன். ஒருத்திக்கு ஓவர்டைம், ஒருத்திக்கு முட்டிவலி. முட்டிவலிக்காரி அடுத்த வாரமே வேறொருத்திக்காக மாங்கு மாங்கென்று விழுந்துகொண்டிருந்தாள்.

கோச்சிடம் போய் நின்றேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்த சீனப் பெண்மணி. கெட்டவர் இல்லை. உங்கள் ஆட்களில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்களேன், உங்களுக்கும் வசதியாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

தங்கச்சியைக் கூட்டிப்போனேன். செமினியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஜூடோவுக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. எனக்காக வேலை முடிந்த கையோடு சாலை ஜேமில் ஊர்ந்து வந்து விழக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்குப் போய் முதுகெல்லாம் தைலம் தேய்த்துக்கொள்வாள். ஒரு வருடத்துக்கு மேல் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். வகுப்பே நிம்மதியானது. ஓரத்து மெத்தையில் நாங்கள் இரண்டு பேர், மீதி இடமெல்லாம் அவர்கள். இப்போது என்னைத் தொட வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை.

தேர்வில் தேறிவிட்டேன். பெல்ட் கட்டும் நாளன்று எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கறுப்பு கட்டியவள் நடு மெத்தையில் நிற்பாள். மற்றவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு தரம் அவளைத் தூக்கிப் போடுவார்கள். மறுநாள் எழுந்து நடக்க முடியவில்லை என்று அவள் பெருமையாகப் புலம்புவாள். கோச் எனக்கு பெல்ட்டைக் கட்டிவிட்டார். நடுவில் போய் நின்றேன். கைதட்டினார்கள். வரிசை மட்டும் சேரவில்லை. கோச் மணியைப் பார்த்து, நேரமாகிவிட்டது, படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். கீழே இறங்குவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் வந்து குவிந்தன.

காரில் தங்கச்சி கேட்டாள். "ஏன்க்கா, போன மாசம் அந்தப் பொண்ண எல்லாரும் லைன்ல நின்னு தூக்கிப் போட்டாங்கல்ல. உன்ன ஏன் போடல?"

"டைம் ஆயிடுச்சு லா."

அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். பிறகு, "நான் இனிமே வரலக்கா" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் காலையில் எழுந்து கையைத் தூக்கிப் பார்த்தேன். குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.