டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் கசக்கிற காபி

என் பேத்தி பீச்சில் நாலு பேர் பார்க்கவே பையிலிருந்து மூச்சிழுப்புக்கான பஃப்பை எடுத்து உறிஞ்சிவிட்டு மறுபடி ஓடுகிறாள். எனக்கு அந்த வயதில் இழுப்பு வந்தபோது கூடவே பொய்க்காரி என்ற பேரும் வந்தது.

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. ட்ரில் பீரியடில் ஒரு சுற்று ஓடினாலே என் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கணக்குப் பீரியட்ல ஒழுங்கா வர்ற மூச்சு என் பீரியட்ல மட்டும் நின்னுடுதாடி? டாக்டர் சீட்டு எடுத்துனு வா, இல்லாட்டி ஓடு" என்பார். வயிற்றுவலி, பல்வலி எல்லாம் சொல்லித் தப்பித்தவள்தான் நான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூச்சை வைத்து விளையாடியதில்லை.

சீட்டுக்காக அம்மா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கிளம்புகிற அன்று மட்டும் எனக்குக் கடுங்காபி கிடைக்கும். வாயில் வைக்க முடியாத கசப்பு. "வெறும் வயித்தோட போவக் கூடாது, குடி" என்று மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வருவதற்குள் என் நெஞ்சு நல்ல பிள்ளையாகிவிடும். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டு, "ஒண்ணுமில்லையே" என்பார். "அதான் முசே, நடிக்குது" என்று அம்மாவும் ஒத்து ஊதுவாள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன 'முசே'தான் எங்கள் ஊரில் ஐயா. நேற்று வரை கத்திய பூனை டாக்டரைக் கண்டால் மட்டும் எங்கே போய் ஒளிகிறதோ! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

மூன்றாம் தடவை, அம்மா புடவை மாற்றுகிற நேரத்தில், காபியைக் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கடியில் கொட்டிவிட்டேன். கசப்புக்குப் பயந்துதான், பெரிய மூளையெல்லாம் இல்லை.

அன்றைக்குக் குழாய் வைத்ததும் டாக்டரின் புருவம் ஏறியது.

"எத்தினி நாளாம்மா இப்படி?"

"இன்னிக்குத்தான் முசே."

"பொய்யி டாக்டர்! இன்னிக்குக் காபியக் கொட்டிட்டேன், அதான்!"

அவர் என்னைப் பார்த்தார்; அம்மாவைப் பார்த்தார். "காபியில என்னம்மா கலந்த?"

அம்மா மெதுவாகச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். உள்ளே அத்தையின் வெள்ளை மாத்திரை. அத்தைக்கும் இழுப்பு உண்டு.

"பெரியவங்க மாத்திரையக் குடுத்து, புள்ள உசுரோட வெளையாடுறியா?" என்று கத்திவிட்டு, சீட்டில் ஆஸ்துமா என்று எழுதி, எனக்கென்று தனி மருந்தும் கொடுத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். அம்மா அந்தச் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் சொன்னாள்: "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல டீச்சர். பொய்க்காரிதான். ஆனா ஓட வுடாதீங்க, காலு சுளுக்கிக்கிச்சு."

"சீட்டுதான் இருக்குதில்ல, காமிச்சா என்ன?" என்று வீடு வரைக்கும் கத்தினேன். அம்மா நடையை எட்டிப் போட்டாள். மருந்தை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தாள், கதவைச் சாத்திக்கொண்டு.

அத்தையிடம் போய் முறையிட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "உங்கம்மா செஞ்சது சரிதான்டி" என்றாள். இவளும் அந்தக் கட்சியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தைக்கு அப்போது நாற்பது வயது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்து, அத்தையின் இழுப்புச் சத்தத்தையும் கேட்டுவிட்டுப் போனதோடு சரி. மீனை இவ்வளவு சுத்தமாக அரிகிறவளை யார்தான் வெளியே அனுப்புவார்கள், அதனால்தான் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.