விக்கல்காரன் நின்ற வட்டம்

"...எடுத்தா யாரோ நெனைக்கிறாஹன்னு அர்த்தம். நீ எடுக்குற விக்கலப் பாத்தா காரைக்காலே கூடி நின்னு நெனைக்குது போல! மெதுவா எடு வாப்பா, தொண்டை கிழிஞ்சிடப் போவுது" என்று மாமி சொன்னார். மச்சான் அதற்கும் ஒரு விக்கலையே பதிலாகக் கொடுத்தான்.

மாமியின் ஒரே மகன் அவன்; அப்பாவைக் கூப்பிடுவதுபோல அவனை மட்டும் செல்லமாக வாப்பா என்பார். எனக்கு இரண்டு வயது மூத்தவன். சைகோனில் கொடி மாறிய பிறகு எங்கள் துணிக்கடையைத் திறக்கவில்லை. காலி அலமாரிகளுக்கு நடுவே கூத்துப் பழகினோம். எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு ஒவ்வொரு சந்துப் பிள்ளைகளும் ஏதாவது ஆடிக் காட்ட வேண்டும் என்று வட்டார அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

நம் தமிழ் அங்கே யாருக்குப் புரியும்? அதனால் மாமி பேச்சே இல்லாத கூத்து ஒன்றைக் கட்டினார். ஒரு வைத்தியர். சொறிகிறவன், தும்முகிறவன், இருமுகிறவள், விக்கல்காரன் என்று ஒவ்வொருவராக வருவார்கள். வந்தவர்களின் நோயெல்லாம் வைத்தியருக்கே ஒட்டிக்கொள்ளும். கடைசியில் வைத்தியரைப் பார்த்து நோயாளிகள் ஓட வேண்டும், அவ்வளவுதான். என் அக்கா, லாத்தா, வைத்தியர். வாப்பாவின் தம்பியான சாச்சாவின் பையன்கள் இருவரும் சொறியும் தும்மலும். நான் இருமல். மச்சானின் விக்கலுக்கு வாலில் ஒரு கீச்சு இருக்கும். சந்துக்கு எதிரே தேநீர் விற்ற கோ ஹாய் அதைக் கேட்டே தொடையில் தட்டிச் சிரிப்பாள். எங்கள் சந்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று வட்டார அதிகாரிகளுக்குச் சொல்கிற பொறுப்பும் அவளுடையதுதான்.

ஒருநாள் விடிந்தபோது மாமாவும் மச்சானும் வீட்டில் இல்லை. படகில் போய்விட்டார்கள் என்று உம்மா எங்கள் காதோடு சொன்னார். "வெளிய மூச்சு விட்டீங்க, உங்க வாப்பாவப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க. கேட்டா ரெண்டு பேருக்கும் காய்ச்சல், படுத்திருக்காங்கன்னு சொல்லுங்க." படகில் இரண்டு பேருக்குத்தான் இடம் கிடைத்ததாம். அடுத்த படகில் மாமி போவதாக ஏற்பாடு.

அன்று மாலை கடைப் பலகைகளைச் சாத்திவிட்டு மாமி எங்களை வழக்கம்போல நிறுத்தினார். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எங்கள் இடங்களை வட்டம் போட்டு வைத்திருந்தார். விக்கல்காரன் வட்டத்தை யாரும் மிதிக்கக் கூடாது. "போனவன் எடத்த மிதிச்சா பயணம் தட்டும். சேந்துட்டான்னு சேதி வர்ற வரைக்கும் அது அவன் எடம்." சொல்லிவிட்டு என்னை வெள்ளைத் துணித் திரைக்குப் பின்னால் அனுப்பினார். "புள்ள, உன் இருமல இருமிட்டு, அவன் மொறை வரும்போது அவன் மாதிரியே விக்கல் எடு. கோ ஹாய் காதுல விழணும்."

எடுத்தேன். கீச்சு உட்பட அப்படியே வந்துவிட்டது. திரைக்கு முன்னால் லாத்தா அந்த வெற்று வட்டத்தின் மேல் காதை வைப்பதுபோல் குனிந்தாள். இல்லாத வயிற்றைத் தட்டினாள். நாக்கை நீட்டு என்று சைகை செய்தாள். நான் திரைக்குப் பின்னிருந்து விக்கினேன். சாச்சாவின் சின்னப் பையன் வட்டத்தையே வெறித்துப் பார்த்துவிட்டுத் தும்மலை மறந்து போனான். அடுத்தடுத்த நாள்களில் லாத்தா அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் சோற்றுத் தட்டுகூட வைக்க மாட்டாள். "ஏய், நீ விக்கும்போது திரையில அவன் நெழலு தெரியுதுடி" என்றாள் என்னிடம். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தூங்கும்போது என் தொண்டைக்குள் அவன் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

கோ ஹாய் ஒருமுறை பலகை இடுக்கில் வாயை வைத்து, "காய்ச்சலோடு விக்குதே பிள்ளை, வெளியில் வரச் சொல்லு, பார்க்கிறேன்" என்று அவள் மொழியில் கூப்பிட்டாள். "ஒட்டிக்கும் கோ ஹாய், பௌர்ணமிக்குப் பாருங்க" என்று மாமி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். உம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார்.

பௌர்ணமிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் மீன்காரர் பின்வாசலுக்கு வந்தார். கூடையை இறக்கவில்லை. மாமியிடம் மெதுவாக இரண்டு வார்த்தை பேசினார். ஒரு மீனைக் கையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போய்விட்டார். படகு கவிழ்ந்த சேதியைத்தான் அவர் கொண்டுவந்தார் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். மாமி அந்த மீனைப் பிடித்தபடியே நின்றார். சட்டையெல்லாம் மீன் தண்ணீர் ஊறியது. உம்மா வந்து மீனை வாங்கி, மாமியின் தலையைத் தன் தோளில் சாய்த்து, வாயை முக்காட்டால் பொத்தினார். மீன் நாற்றம் தாங்காமல் பொத்துகிறார் என்று நான் நினைத்தேன்.

"இன்னைக்கு வேணாம்" என்றார் உம்மா.

"இன்னைக்குத்தான் வேணும்" என்றார் மாமி. "சத்தம் நின்னா அவ கேப்பா."

மாலையில் கூத்து தொடங்கியது. சொறிகிறவன் வந்து போகும்போதே மின்சாரம் போய்விட்டது. அந்த வருஷங்களில் அது புதிதல்ல. "நிறுத்தாதீங்க" என்று மாமியின் குரல் மட்டும் வந்தது. இருட்டில் ஒருவன் தும்மினான். நான் இருமினேன். அடுத்தது என் விக்கல். வாயைத் திறந்தேன்.

நான் எடுப்பதற்கு முன்பே விக்கல் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம், வட்டம் இருந்த இடத்திலிருந்து. முதலில் ஒன்று, உடைந்து போனது. பிறகு ஒன்று, இன்னொன்று, சீராக, வாலில் அந்தக் கீச்சோடு. அசல் மச்சான். லாத்தா வீறிட்டாள். "நான் இல்ல! நான் இன்னும் எடுக்கல!" என்று கத்தினேன், வந்துவிட்டான், போன இடத்திலிருந்து தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அழுகைக்கும் விக்கலுக்கும் தொண்டையில் ஒரே வாசல்தான், ஒன்று தப்பி வெளியே வந்துவிட்டால் அதை மற்றதாக மாற்றி முடிக்க ஒரு தாயால் முடியும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

வெளியே கோ ஹாய் வயிறு குலுங்கச் சிரித்தாள். "இன்றைக்குத்தான் பிரமாதம்! அந்தப் பையனுக்குத் தண்ணீர் கொடுங்கள், பாவம்!"

உள்ளே, பானையில் குவளை முங்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடி, சுண்ணாம்பு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, திரையை விலக்கிக்கொண்டு, மாமி இருட்டில் என்னிடம் வந்தார். குவளையை என் உதட்டில் வைத்தார். எனக்குத் தாகமும் இல்லை, விக்கலும் இல்லை. ஆனாலும் குடித்தேன். "மெதுவா வாப்பா, மெதுவா" என்றபடி இன்னொரு கையால் என் உச்சந்தலையைத் தடவினார்; பிடரி வரை தடவி வந்த கை, என் சடையில் பட்டதும் அப்படியே நின்றது.