கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாதம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஊரை விட்டுக் கப்பலேறிப் பிழைக்க வந்த நாங்கள் பன்னிரண்டு பேர் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்கு மேலே தங்கியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். சாமான்களையெல்லாம் கீழே வாசலில் இறக்கினோம். அத்தனை பேருடைய ரகசியமும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

சமையல்காரர் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடி வைத்திருந்தார் — அது பதுக்கிய இடம். பங்கு கேட்பார்களோ என்ற பயம். புகையிலையைத் தொட்டதே இல்லை என்று சொல்லும் பெரியவரின் தலையணைக்குள் சுருட்டு — அது ஒளித்த இடம். அதில் கொஞ்சம் வெட்கம் கலந்திருக்கும். கொடியில் வேட்டியைத் தொங்கவிட்டு அதன் பின்னால் நாங்கள் உடை மாற்றுகிறோமே, அது வெறும் மறைவு. எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் ஒன்றுதானே என்பவர்கள் பன்னிரண்டு பேரோடு குடியிருந்து பார்க்கட்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்...

சுவரிலிருந்து என் சவரக் கண்ணாடியைக் கழற்றினேன். பின்பலகை பெயர்ந்து ஒரு தாள் விழுந்தது. அறையில் கூட இருக்கும் காதர் நானா எடுத்தார். நாகூர்ப் பக்கம் அண்ணனை நாங்கள் நானா என்போம். தாளில் பென்சிலால் வரைந்த ஒரு சின்னப் பாதம்.

"யாரு காலு தம்பி?"

"எம் மகளோடது. செருப்பு வாங்க அளவு அனுப்பியிருந்தா வீட்டுல."

செருப்பு அப்போதே வாங்கி அனுப்பிவிட்டேன். தாளை எறிய மனம் வரவில்லை. பெட்டி மூடியில் ஒட்டி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுப் போனால் ஆபீஸில் வேலை ஓடாது. ஒரு நாள் பிய்த்தெடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவிட்டேன். யாரிடமிருந்து மறைத்தேன்? என்னிடமிருந்துதான். அந்த இடத்துக்கு என்ன பெயர் சொல்வது? எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக் கப்பலில் நானா ஊருக்குப் போகிறார்.

"நல்லதாப் போச்சு நானா. இந்த அளவுக்கே இன்னொரு ஜோடி வாங்கித் தர்றேன். கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வந்து எத்தனை வருஷமாச்சு?"

"மூணு."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக என் மனதில் அவளுக்கு அதே கால்தான்.

நானா சிரிக்கவில்லை. "கப்பல்ல இன்னும் இடம் இருக்கு" என்றார்.

மறுநாள் ஆபீஸில் துரையிடம் லீவு கேட்டேன். முகத்தைச் சுளித்தார்... கொடுத்துவிட்டார்.

செருப்பு வாங்கவில்லை — அவள் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.