ரெம்பியாவில் ஒரு பந்தயக் காடியின் எண்ணைத் தேடி

தோட்டங்களிலும் கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களிலும் இன்னும் பழைய ஸ்போர்ட்ஸ் காடிகள் (கார்கள்) கிடக்கின்றனவாமே, வாங்கப் போகும் முன் அது அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று இந்தப் பதிவைப் படிக்கும் மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் காடிக்காரன் அல்ல. முப்பத்தொரு வருடம் தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்தியவன். ஆனால் 1996இல், ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம், இதே கேள்விக்குப் பதில் தேடி மலாக்கா மாநிலத்தில் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் அலைந்திருக்கிறேன். அதையே எழுதிவிடுகிறேன். விலைகள் எல்லாம் அந்தக் காலத்து ரிங்கிட்.

என்னை இழுத்துக்கொண்டு போனவன் என் மனைவியின் தம்பி மணியம். சிரம்பானில் அடுத்தவர் பட்டறையில் போமன், அதாவது மெக்கானிக். ரந்தாவ் பக்கம் அவன் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணம் இருபதாயிரம் கையில் இருந்தது. சொந்தப் பட்டறை போடவேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. ரெம்பியாவில் ஓர் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காடி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், அதை வாங்கிச் சரிசெய்து இரண்டு மடங்குக்கு விற்றால் பட்டறை கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டான். ஒரே ஒரு சிக்கல். அந்தக் காடியில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகை ஆயிரக்கணக்கில் வந்தது. பந்தயத்துக்கென்று செய்த வகை மிகக் குறைவு. சாதாரணக் காடிக்குப் பந்தயக் காடியின் உறுப்புகளை மாட்டி விற்பவர்கள் அப்போதே இருந்தார்கள். அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டால் நிலமும் போச்சு, பட்டறையும் போச்சு.

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு என் பழைய காடியில் கிளம்பினோம். நெடுஞ்சாலை வேண்டாம், டோல் மிச்சம் என்று ரெம்பாவ், தம்பின் வழியாகப் பழைய சாலையைப் பிடித்தோம். சிரம்பானிலிருந்து தம்பின் நாற்பத்தேழு கிலோமீட்டர், அங்கிருந்து அலோர் காஜா பதினேழு. அலோர் காஜாவில் ஆளுக்கு இரண்டு தோசை, ஒரு தே தாரேக் (ஆற்றிய பால்தேநீர்), மொத்தம் மூன்று ரிங்கிட் நாற்பது காசு. தோசை சுமார்தான். அங்கிருந்து ரெம்பியா ஆறே கிலோமீட்டர்.

வீட்டுக்காரர் சுப்பையா செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஏற்றும் லோரி ஓட்டுபவர். காடி அவருடைய மனைவி தனலெட்சுமியின் அப்பாவுடையது. அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பியபோது காடியை அவருக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார். கிராணி காலமாகி, தோட்டமும் கைமாறிய பிறகு, காடி இவர்கள் வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகைக்கு வந்துவிட்டது.

பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடக்கும் கூரை. என் பங்குக்குப் பள்ளிக்கூடத்துக் குதிரைலாட காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கைக்குட்டை, காந்தம் சாயத்தைக் கீறாமல் இருக்க. இடது கதவுக்குக் கீழே ஓரிடத்தில் காந்தம் சோம்பலாக ஒட்டியது. அங்கே இரும்பு துருவேறிப் போய், பட்டிப் பசை வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சின் மூடியில் ஒட்டவே இல்லை. மணியத்தின் முகம் மலர்ந்தது. பந்தய வகைக்கு மூடி அலுமினியம். பின் சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் பிரேக் தட்டும் தெரிந்தது. அதுவும் பந்தய வகைக்கு மட்டும்தான்.

"இதெல்லாம் கழட்டி மாட்டக்கூடியது மாமா. நம்பர்தான் பேசணும்," என்று மூடியைத் தூக்கினான்.

எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புத் தகரத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில்தான் அடிச்சட்டத்தின் எண் இருக்கவேண்டும். பந்தய வகையின் எண் வேறு எழுத்தில் தொடங்கும். தகடு வழவழவென்று இருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

தனலெட்சுமி கைகட்டி நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"நீங்களும் அதையே பாத்து முழிக்கிறீங்கல்ல? போன மாசம் கோலாலம்பூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. பளபளன்னு சட்டை. தகட்டப் பாத்த ஒடனே, இது திருட்டுக் காடி, நம்பர அழிச்சிருக்காங்கன்னுட்டாரு. போற வழியில காப்பிக் கடையிலயும் சொல்லிட்டுப் போயிருக்காரு. எங்கப்பா தோட்டத்துக் கணக்கு எழுதுனவரு தம்பி. ரப்பர் எடையில அரைக் கிலோ தப்புனா சோறு எறங்காது அவருக்கு."

"அதுக்கப்பறம் ஒரு ஆளும் வரலலா," என்றார் சுப்பையா. "இருவதாயிரம்னு சொன்னோம். இப்ப ஒன்பது குடுத்தாலும் எடுத்துட்டுப் போங்க. கொட்டகையாச்சும் காலியாவும்."

கிராண்டை, அதாவது பதிவு அட்டையை, கொண்டுவந்து காட்டினார்கள். அதில் இருந்த எண் பந்தய வகைக்குரிய எழுத்தில்தான் தொடங்கியது. அட்டையில் எண் இருந்தால் போதாது, காடியிலும் அதே எண் இருக்கவேண்டும் என்றான் மணியம்.

நான் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் அட்டையைத் திருத்தும் பிள்ளைகளைப் பல வருடம் பிடித்தவன் நான். நாற்பதை எழுபது ஆக்க நினைக்கிற பிள்ளை அந்த நான்கை மட்டும்தான் சுரண்டுவான். பெயரையும் பள்ளியையும் சேர்த்துச் சுரண்டமாட்டான். இந்தத் தகட்டில் எண் மட்டுமல்ல, செய்தவர் பெயரும் எழுத்தும் எல்லாமே மழுங்கியிருந்தன. ஆணித் தலைகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குச் சாயம்கூடப் போயிருந்தது. யாரோ வருடக்கணக்கில் அதைத் தேய்த்திருக்கவேண்டும்.

"தோட்டத்துல இந்தக் காடிய யாரும்மா பாத்துக்கிட்டது?" என்று கேட்டேன்.

"எஞ்சின் முனியாண்டி அண்ணன். செலண்டார்ல இருக்காரு."

ரெம்பியாவிலிருந்து செலண்டார் இருபத்தைந்து கிலோமீட்டர். வழிநெடுக ரப்பரும் செம்பனையும் மாறி மாறி வரும். செம்பனை லோரிக்குப் பின்னால் மாட்டினால் முந்த வழியில்லை. எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. முனியாண்டி தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் ஓட்டியவர். எழுபது வயதுக்கு நல்ல திடகாத்திரம். கடைத்தெரு உணவுக்கடையில் ஆளைப் பிடித்தோம். மூன்று பேர் சாப்பாடு பதினோரு ரிங்கிட்.

"அந்தத் தகடா? கண்ணாடி மாரி இருக்கும்லா," என்றார் பெருமையாக.

"இருக்குண்ணே. அதான் பிரச்சினையே," என்றான் மணியம்.

"என்னா பிரச்சினை? வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளியும் செங்கத்தூளும் போட்டு நான்தான் தேய்ப்பேன். எஞ்சின்ல மத்ததெல்லாம் கருப்பு. பித்தளைன்னு இருந்தது அது ஒன்னுதான். சந்தனப் பொட்டு வைக்க வேற எடம் எங்க இருக்கு? ஒரு வருசம் பழைய சந்தனம் காஞ்சு எறுகிப் போச்சு. மணல்தாளு போட்டேன்."

"எத்தன வருசம்ணே?"

"தொரை இருந்தப்பவே ஆரம்பிச்சது. ஒரு முப்பது பூசை இருக்கும்."

அந்தத் தகட்டில்தான் காடியின் எண் இருந்தது, அது போனதால் கிராணியைத் திருடன் என்கிறார்கள் என்று சொன்னோம். கையில் எடுத்த சோற்றை அப்படியே இலையில் வைத்துவிட்டார். 

"எழுத்து இருந்துச்சு. இங்கிலீசு. எனக்கு என்னா தெரியும், அழுக்கு பிடிக்கிற பள்ளம்னு நெனச்சேன். அந்தக் கோலாலம்பூர்க்காரன்கிட்ட சொல்லு, அழிச்சது கிராணி இல்ல, முனியாண்டின்னு. என் அடையாளக் கார்டு ஐ.சி. நம்பரையும் குடு. அதையாச்சும் நான் தேய்க்கல."

கை கழுவும்போது அவருக்கே இன்னொன்று நினைவுக்கு வந்தது. துரு பிடிக்காமலிருக்க, தோட்டத்துப் பாலத்துக்கு வந்த தாரைக் காடியின் அடியில் பூசியவரும் அவர்தான். பூசும்போது முன்பக்க இடது சக்கரத்துக்குப் பின்னால், சட்டத்தில் ஏதோ வெட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். அதன் மேலேயே பூசிவிட்டாராம்.

மணியம் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

நாலேகாலுக்கு மறுபடியும் ரெம்பியா. காடியை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, மணியம் டார்ச்சோடு அடியில் நுழைந்தான். மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து மரச்சில்லால் சுரண்டினான். இரும்பால் சுரண்டினால் எண்ணில் கீறல் விழும், பிறகு அதுவே சந்தேகத்துக்கு இடமாகும். இருபது நிமிடம் கழித்து, "மாமா, தாளும் பென்சிலும்," என்றான்.

காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுக்கிற விளையாட்டை எத்தனையோ பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். வரும் வழியில் அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அடியிலிருந்து ஒரு கை தாளை நீட்டியது. கிராண்டில் இருந்த அதே எழுத்து, அதே எண்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அந்த நேரம் தனலெட்சுமி காப்பியோடு வந்தார். "என்னா தம்பி, ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?"

அடியில் மணியத்தின் டார்ச் அணைந்தது.

"சரியாத் தெரியலக்கா. தாரு ரொம்பக் கெட்டி. யோசிச்சு நாளைக்குச் சொல்றோம்."

தாள் நான்காக மடிந்து என் சட்டைப்பையில் இருந்தது. நான் காப்பியை வாங்கிக் குடித்தேன்.

அங்கிருந்து கிளேபாங் போய்க் கடலோரத்தில் ஓர் அறை எடுத்தோம். நாற்பத்தைந்து ரிங்கிட், மின்விசிறி உண்டு, கொசுவும் உண்டு. சாலையோரக் கடையில் மீ கோரேங்கும் (வறுத்த நூடுல்ஸ்) சுட்ட மீனும் பதினாலு ரிங்கிட். மீன் நன்றாக இருந்தது என்று பிற்பாடு யோசித்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

"ஒன்பதுன்னு அவங்களாத்தானே சொன்னாங்க மாமா. நான் கேக்கலையே."

"நீ கேக்கல."

"மிச்சம் பதினொன்னு. பட்டறைக்கு முன்பணமே ஆச்சு."

"ஆச்சு."

"நீங்க ஏதாச்சும் சொல்லுங்களேன்."

"காப்பி குடிக்கிறப்ப நானும்தான் ஒன்னும் சொல்லல. இப்ப என்னா சொல்லச் சொல்ற?"

மீனின் முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். "அந்தக் கோலாலம்பூர்க்காரனாச்சும் பாக்காம சொன்னான்," என்றான் கடைசியில். "நான் பாத்துட்டுச் சொன்னேன்."

ஞாயிறு காலை ரெம்பியாவில் சந்தை. சாலையின் இருபுறமும் துரியானும் துணியும் கோழியும். காடியை நிறுத்த இடம் கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.  வீட்டு வாசலில் இறங்கியதும் என் சட்டைப்பையில் மணியமே கைவிட்டுத் தாளை எடுத்தான்.

"அக்கா, நேத்து நான் சொன்னது பொய். நம்பர் இருக்கு. இதான்."

தனலெட்சுமி தாளை வாங்கவில்லை. உள்ளே போய்க் கிராண்டைக் கொண்டுவந்தார். "சார், நீங்க படிங்க," என்றார். வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோல நான் தாளிலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். அவர் கிராண்டில் விரல் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசி எண்ணில் விரல் நின்றது. தகடு தேய்ந்த கதையையும் சொன்னோம். "முனியாண்டி அண்ணனா?" என்று முதலில் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுப்பையாதான் கேட்டார். "நேத்தே சொல்லியிருக்கலாம்லா தம்பி?"

"ஒன்பதுக்கு எடுத்துரலாம்னு நெனச்சேன்ணே."

"தெரியும்," என்றார் தனலெட்சுமி. "நீங்க போனதும் நானும் டார்ச் எடுத்துக்கிட்டுக் குனிஞ்சு பாத்தேன். தாரு சுரண்டின எடத்துல நம்பர் தெளிவா இருந்துச்சு. ஒன்பதோட வந்திருந்தா வாசலோட அனுப்பியிருப்பேன்."

கிராண்டைச் சுப்பையாவிடம் கொடுத்தார்.

"காசு இருவதுதான். ஒரு வெள்ளி கொறையாது," என்றார். "தோசை சுடுறேன், சாப்ட்டுட்டுப் பேசுவோம்."

அந்த விலைக்குத்தான் வாங்கினான். கையில் இருந்ததெல்லாம் காடிக்கே போய்விட்டதால் சரிசெய்ய இரண்டு வருடமும், பட்டறை போட இன்னும் ஒரு வருடமும் பிடித்தன. புதுத் தகடு வாங்கி எண்ணைப் பொறித்து மாட்டினால் பார்க்க நன்றாயிருக்கும் என்று பலர் சொன்னார்கள். அவன் பழையதைக் கழற்றவில்லை. அன்று கிளம்பும்போது தனலெட்சுமி கேட்டதால் நானே காடிக்கு அடியில் படுத்து இன்னொரு பென்சில் நகல் எடுத்துக் கொடுத்தேன். காப்பிக் கடையில் காட்டவேண்டும் என்றார்.

காடி பார்க்கப் போகிறவர்களுக்கு: காந்தம், கைக்குட்டை, டார்ச், மண்ணெண்ணெய், மெல்லிய தாள், 2B பென்சில், அழுக்காகலாம் என்கிற ஒரு சட்டை. பட்டியல் அவ்வளவுதான். மூடிக்குக் கீழே இருக்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், அதை மட்டும் வைத்துச் சந்தேகப்படவும் வேண்டாம். அடிச்சட்டத்தில் வெட்டிய எண்ணைத் தேடிக் கிராண்டோடு ஒப்பிடுங்கள். காடியைத் துடைத்துப் பராமரித்தவர் உயிரோடு இருந்தால், விற்பவரைவிட அவரை முதலில் போய்ப் பாருங்கள். பெட்ரோல், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு நாளைக்கு எங்களுக்கு நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

அடியில் படுத்து எதைக் கண்டாலும், எழுந்து முதுகு மண்ணைத் தட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள். யாராவது காப்பியோடு வந்துவிட்டால் சொல்வது கஷ்டமாகிவிடுகிறது.