இரண்டு பவுண்டு நரம்பும் ஒரு கறுப்பு ஈயும்

போடி மலைக்கு நான் போனது காட்சி பார்க்க அல்ல. 1981 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், போடிமெட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மானேஜரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய மகள் எங்கள் கல்லூரியில் என்னிடம் விலங்கியல் படித்தவள். தோட்டத்து ஓடையில் ஐந்து வருடங்களுக்கு முன் ட்ரவுட் என்ற குளிர்நாட்டு மீனின் குஞ்சுகளை விட்டார்களாம். அதன் பிறகு விடவில்லை. மீன் இன்னும் இருக்கிறது, குஞ்சும் பொரிக்கிறது என்கிறார் ஓடைக் காவல்காரர். மானேஜருக்கு நம்பிக்கை இல்லை. 'தாங்கள் வந்து பார்த்துச் சொன்னால், மாதக் கடைசியில் காவலை எடுத்துவிடலாமா என்று முடிவு செய்வேன்' என்று எழுதியிருந்தார்.

எனக்கும் நம்பிக்கை இல்லை. இங்கே விட்ட ட்ரவுட் தானாகப் பெருகியதாகச் சொல்லும் கதைகள் நிறைய, ஆதாரம் குறைவு. ஆனால் ஆய்வு மாணவியாக நீலகிரியில் இரண்டு வருடம் இருந்தபோது இந்த மீனைப் பிடிக்கக் கற்றிருந்தேன். தூண்டில் பிரம்பும் ஒரு பெட்டி ஈக்களும் பரணில் இருந்தன. ஈ என்றால் நிஜ ஈ அல்ல. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்வது. வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

மதுரையிலிருந்து காலை பாசஞ்சர் ரயில். போடி வரை தொண்ணூறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம், நாலரை ரூபாய். போடி பஸ் நிலையத்தில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். மேலே எதுவும் கிடைக்காது. பதினொன்றரை பஸ்ஸில் போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், இரண்டரை ரூபாய். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கி ஒன்பதாவதில் விட்டுவிட்டேன். வயிற்றைக் கவனிக்க வேண்டியிருந்தது.

மெட்டிலிருந்து தோட்டத்து ஜீப். ஏற்கெனவே பதினோரு பேர் இருந்தார்கள். டிரைவர் என் பிரம்பு உறையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, கொடிக்கம்பா? மேல மீட்டிங்கு கீட்டிங்கா?"

"மீன் பிடிக்க."

"மீனுக்கா இம்புட்டுத் தூரம்? போடிச் சந்தையில அயிரை துள்ளிக்கிட்டுக் கிடக்குமே!"

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம். வழியெல்லாம் மூடுபனி தூறலாக இறங்கியது. பை நனைந்ததை நான் கவனிக்கவில்லை.

காவல்காரர் கருப்பையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். மனைவி பேச்சியம்மாள் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் ரகம் பிரிக்கிறார். காவல் போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போய்விடும் என்பதை இருவருமே என்னிடம் சொல்லவில்லை. வாசலில் கட்டி வைத்திருந்த இரண்டு சாக்குமூட்டைகள் சொல்லின. காவல் போனால் ஓடைக்கும் கேடுதான். கீழே உள்ள மடுக்களில் ஏற்கெனவே வெடித்தோட்டா போட்டும் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் மீனை அழித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓடைக்கு ஏறினோம். ஏலத்தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் இடம் அது. நீரின் வெப்பம் பதின்மூன்று டிகிரி, ட்ரவுட்டுக்கு ஏற்றதுதான். பெட்டியைத் திறந்து, சிவப்பும் பொன்னும் கலந்த பெரிய ஈயை எடுத்தேன். நீலகிரி ஏரியில் அது எனக்குக் கைகொடுத்திருந்தது. இங்கே அது விழுந்த ஒவ்வொரு முறையும் மடுவின் அடியில் நிழல்கள் சிதறி ஓடின. மதியம் வரை வீசியும் ஒன்றும் இல்லை.

"மீனு இருக்கு டீச்சரு, பாத்தீகள்ல?" என்றார் கருப்பையா.

"நிழலைப் பார்த்தேன். எந்த மீன், எத்தனை வயது என்று நிழலை வைத்து எழுத முடியாது."

"ஆமா, நீங்க கட்டியிருக்கது தாம்புக்கயிறு. மாடே மெரளும், மீனு மெரளாதா?"

அவர் சொன்னது சரி. தூண்டிலின் பருமனான கயிற்றுக்கும் ஈக்கும் நடுவே சில முழம் நைலான் நரம்பு கட்டுவார்கள். அதற்கு லீடர் என்று பெயர். கயிற்றுப் பக்கம் தடித்து, ஈயின் பக்கம் போகப் போக மெலிய வேண்டும். வேகம் கயிற்றிலிருந்து நரம்புக்கு இறங்கி, கடைசியில் ஈ மட்டும் மெல்ல நீரில் அமரும். மழை முடிந்து தெளிந்த சிறு ஓடையில் நான் ஆறு பவுண்டு எடை தாங்கும் தடித்த நரம்பை மட்டும் நேராகக் கட்டியிருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு லயத்துக்கு வந்து பையைத் திறந்தேன். ஆறு, நான்கு, இரண்டு பவுண்டுச் சுருள்களில் சுற்றியிருந்த சீட்டுகள் நனைந்து, மசி கரைந்து, வெறும் நீலக் கறையாக இருந்தன. சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள் என்று இருபது வருடமாக மாணவிகளை விரட்டியவள் நான். ஆறு பவுண்டு பார்த்தாலே தெரிந்தது. மற்ற இரண்டும் என் கண்ணாடிக்கு ஒன்றுபோலவே இருந்தன.

பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "கொண்டாங்க, பாப்போம்."

இரண்டையும் விரலிடுக்கில் ஓடவிட்டார். பிறகு மேல் உதட்டில் வைத்து இழுத்தார். "இது சன்னம். இது அதைவிட ஒரு நூலு தடிப்பு."

நான் சுருள்களை முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மூன்று முறையும் அதே பதில்.

"டீச்சரு பரீச்சை வைக்கிறாக," என்றார் கருப்பையா. "பாஸா ஆத்தா?"

"நீரு சும்மா கெடயும். மார்க்கு போட்டா உமக்குத்தான் முட்டை." சொல்லிக்கொண்டே சன்ன நரம்பை உதட்டில் இழுத்தவர் நிறுத்தினார். "இங்கன சொரசொரங்குது."

எனக்குக் கண்ணிலும் தெரியவில்லை, விரலிலும் தெரியவில்லை. தொட்டே சொல்லிவிட முடியும் என்று யாராவது சொன்னால் நான் வழக்கமாக நம்புவதில்லை. அவர் காட்டிய இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு வைத்து, அதற்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளிப் பிடித்து இழுத்தேன். பொட்டிலேயே அறுந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை காயைத் தொடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கிட்டிருந்தா சோலி நடக்குமா?" என்றார்.

மிச்சச் சுருள் முழுவதையும் உதட்டில் ஓட்டி, இன்னும் இரண்டு இடங்களை வெட்டி எறிந்தார். ஆறு, நான்கு, இரண்டு என்று வரிசையாக முடிச்சிட்டு இணைத்தோம். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குவதை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்தது ஈ. ஞாயிறு காலை மடுவில் தூண்டில் போடுவதற்கு முன், நீருக்கு மேலே நீட்டியிருந்த ஏலத்தழைகளுக்கு நடுவே ஒரு சிலந்தி வலை கண்ணில் பட்டது. என் படிப்பு அப்போதுதான் உதவிக்கு வந்தது. ஓடைமேல் என்ன பறக்கிறது என்பதற்கு வலையைவிட நல்ல பட்டியல் இல்லை. அதில் சிவப்பும் இல்லை, பொன்னும் இல்லை. எள்ளளவுக் கறுப்புக் கொசு போன்ற பூச்சிகள் இருபதுக்கு மேல். பெட்டியை மறுபடி திறந்தேன். நாற்பது ஈக்களில் அந்த அளவுக்குக் கிட்ட வந்தது, பதினாறாம் எண் சிறு முள்ளில் கட்டிய கறுப்பு ஈ ஒன்றே ஒன்று. வாங்கிய நாளிலிருந்து நான் தொடாதது.

முதல் வீச்சில் அது எதிர்க்கரைப் புதரில் மாட்டியது. இழுத்தால் ஒரே ஈயும் போகும். கருப்பையா இடுப்பளவு குளிர்ந்த நீரில் சுற்றி நடந்து போய் எடுத்துவிட்டார். மடு அடங்க அரை மணி நேரம் காத்திருந்தோம். மணி பத்தாகிவிட்டது, பன்னிரண்டு மணிக்கு ஜீப்.

நான்காவது வீச்சில் ஈ நீரில் விழுந்த ஓசையே கேட்கவில்லை. ஒரு சிறு வளையம் தோன்றியது. பிரம்பை உயர்த்தினேன். இரண்டு பவுண்டு நரம்பு விறைத்து நின்றது. மீன் சரசரவென்று ஓடியது, திரும்பியது. அறுந்துவிடும் என்று நான் முணுமுணுத்திருக்க வேண்டும்.

"அறாது டீச்சரு. அவ பாத்துக் குடுத்தது," என்றார் கருப்பையா.

ஈரக்கையில் அவர் மீனை ஏந்தினார். பதினான்கரை சென்டிமீட்டர். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, வரிசையாகக் கட்டைவிரல் ரேகை வைத்ததுபோல் கருந்திட்டுகள். ட்ரவுட்தான், சந்தேகமில்லை.

"குஞ்சுதான டீச்சரு?" என்று கேட்டார்.

"இரை குறைந்தால் ஐந்து வயது மீனும் இதே அளவில் நிற்கும்," என்றேன். பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நான்கு செதில்களை மட்டும் எடுத்துக் காகிதத்தில் மடித்து, தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதினேன். அதுவரை கருப்பையா மீனை நீரில் பிடித்துக்கொண்டிருந்தார். அது தானாக வாலடித்துப் போனது.

திங்கள்கிழமை முதல் வகுப்புக்கு முன் செதிலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மரத்தின் வெட்டுமுகத்தில் இருப்பதுபோல் செதிலிலும் வயது வளையம் உண்டு. நான்கு செதிலிலும் ஒரே ஒரு வளையம்தான். ஐந்து வருடத்துக்கு முன் விட்ட மீன் அல்ல அது, ஓடையிலேயே பொரித்தது. துறையில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லி, அவரும் ஒன்று என்ற பிறகே மானேஜருக்கு எழுதினேன். ஒரு மீன் ஓடை முழுவதற்கும் சாட்சி ஆகாது, ஆனால் காவலை எடுக்க இனி காரணம் இல்லை என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: காவல் அடுத்த ஜனவரி வரை தொடரும், அப்போது மறுபடி வந்து பார்க்க முடியுமா?

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோட்டத்து அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் ஏறாதீர்கள். ஜனவரி நீர் தெளிவாக இருக்கும். அதனால் மெல்லிய நரம்பும் சிறிய கறுப்பு ஈயும் வேண்டும், ஈ ஒன்றுக்கு மேல் வேண்டும். வண்ண ஈக்களை ஏரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் போடும் முன் சிலந்தி வலையைப் பாருங்கள். நரம்பை உதட்டில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உங்களுக்குப் பிடிபடலாம். மீனைத் திருப்பி விட்டுவிடுங்கள்.

பிப்ரவரியில் பேச்சியம்மாளிடமிருந்து ஜீப் டிரைவர் வழியாக ஒரு பொட்டலம் வந்தது. கைப்பிடி ஏலக்காய், அதன் நடுவே ஜீப்பில் நான் மறந்துவிட்டிருந்த மிச்ச நரம்பு, மூன்று சுருளாக. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சீட்டு. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, தடித்த நரம்பில் மூன்று புள்ளி. மூன்றும் பென்சிலில்.